சூரியனுக்கு மூத்தது

அந்த வாக்கியத்தை எழுதியவன் நான்தான். வேறு யார் மேலும் பழி போட முடியாது.

"சூரியக் குடும்பத்தில் உள்ள எந்தத் திடப்பொருளும் சூரியனைவிட வயதில் மூத்தது அல்ல."

மோக்போ என்ற துறைமுக நகரத்தில் ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் நான் ஒப்பந்த ஆசிரியனாக அறிவியல் நடத்திக்கொண்டிருந்த வருஷம் அது. முதலாம் ஆண்டில், ஒன்றிலிருந்து ஏழு வரை எண்ணிட்ட ஏழு வகுப்புப் பிரிவுகளாக, நூற்று எழுபத்தொரு மாணவிகள். ஏப்ரல் கடைசியில் இடைத்தேர்வு. பதினேழாவது கேள்வி சூரியக் குடும்பம் உருவான விதம் பற்றியது. மூன்று கூற்றுகளைக் கொடுத்து எவையெல்லாம் சரி என்று கேட்டிருந்தேன். சூரியனும் கோள்களும் வாயுவும் தூசியும் கலந்த ஒரே மேகத்திலிருந்து பிறந்தன என்பது முதல் கூற்று. சூரியனுக்குப் பக்கத்தில் பாறையும் உலோகமும் மட்டும் தாக்குப்பிடித்தன, தொலைவில் பனிக்கட்டியும் சேர்ந்துகொண்டதால் அங்கே பெரிய கோள்கள் திரண்டன என்பது இரண்டாவது. மூன்றாவது, மேலே சொன்ன வாக்கியம். மூன்றும் சரி என்பது நான் வைத்திருந்த விடை. நாலு மதிப்பெண்.

அந்த மூன்றாவது கூற்றை ஒரு பழைய வினாத் தொகுப்பிலிருந்து அப்படியே பெயர்த்துப் போட்டேன். யோசிக்கவில்லை. வினாத்தாளை அன்று மாலைக்குள் கொடுத்தாக வேண்டும், எனக்குப் பசி, அவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது இருந்திருந்தால் இப்போது கொஞ்சம் நிம்மதியாக இருக்கும்.

தேர்வு முடிந்த மறுநாளிலிருந்து இரண்டு நாள் ஆட்சேபம் சொல்லலாம். முதல் நாளே ஓக் நாரே ஆசிரியர் அறைக்கு வந்து என் மேஜை முன்னால் நின்றாள். நாலாம் வகுப்புப் பெண். நெட்டையாக இருப்பாள். பாடம் நடக்கும்போது நிமிர்ந்தே பார்க்க மாட்டாள், ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிடுவாள்.

"சார், பதினேழுல மூணாவது கூற்று தப்பு."

"எப்படித் தப்பு?"

"ஆஸ்திரேலியாவுல ஆயிரத்துத் தொளாயிரத்து அறுபத்தொம்பதுல ஒரு விண்கல் விழுந்துச்சு. அதை அமிலத்துல கரைச்சுப் பாத்திருக்காங்க. எல்லாம் கரைஞ்ச பிறகும் கரையாம கொஞ்சம் துகள் மிச்சம். அதுக்குச் சூரியனைவிட வயசு ஜாஸ்தி. வேற நட்சத்திரம் சாகும்போது ஊதித் தள்ளின தூசு அது. சிலதுக்கு எழுநூறு கோடி வருஷம். நம்ம சூரியனுக்கு நானூத்தம்பத்தேழு கோடிதான். அப்போ மூத்தது இருக்குல்ல?"

அவள் பாதி பேசும்போதே எனக்குப் பிடிபட்டுவிட்டது. பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டில் இதைப் படித்திருக்கிறேன். தேர்வில் எழுதி முழு மதிப்பெண் கூட வாங்கியிருக்கிறேன். அந்த நிமிஷம் வரை அது எனக்கு ஞாபகம் வரவே இல்லை. வந்த பிறகும் நான் சொன்னது இதுதான்:

"பாடப்புத்தகத்துல அப்படி இல்லையே, நாரே."

"பாடப்புத்தகத்துல இல்லேன்னுதான் சொல்றேன். கேள்வியில 'எந்தத் திடப்பொருளும்'னு போட்டிருக்கீங்க. எந்தன்னா ஒண்ணுகூட இல்லேன்னுதானே அர்த்தம்?"

"சரி, எழுதிக் குடுத்துட்டுப் போ. பாக்கறோம்."

அவள் எழுதிக் கொடுத்தாள். நான் அதைத் துணை முதல்வர் ஹாமிடம் கொண்டுபோனேன். ஹாம் மேடத்துக்கு ஐம்பத்தாறு வயது. குரலை ஒருநாளும் உயர்த்தமாட்டார். அதனாலேயே அவரைக் கண்டால் எல்லோருக்கும் பயம். தோ என்ற என் பெயரைக்கூட மெதுவாகத்தான் சொல்வார்.

"எத்தனை பேர் ஆட்சேபம் சொல்லியிருக்காங்க, தோ சார்?"

"ஒருத்தி."

"உங்க விடையை எத்தனை பேர் எழுதியிருக்காங்க?"

"நூத்தி முப்பத்தெட்டு."

"அந்தப் பொண்ணு சொல்றது சரின்னு நீங்க விடையை மாத்தினா, நூத்தி முப்பத்தெட்டு பேருக்கு நாலு மார்க் போகும். நூத்தி முப்பத்தெட்டு அம்மாக்கள் நாளைக் காலையில இந்த வாசல்ல நிப்பாங்க. ஒரு அம்மாவைச் சமாளிக்கறது சுலபமா, நூத்தி முப்பத்தெட்டு அம்மாவைச் சமாளிக்கறது சுலபமா?" என்றவர், கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சேர்த்துக்கொண்டார்: "உங்க ஒப்பந்தம் பிப்ரவரி வரைக்கும்தானே?"

'பாடப்புத்தக வரம்புக்குள் வினா செல்லும்' என்று தேர்வுக் குழு எழுதியது. வினா தயாரித்தவர் என்ற இடத்தில் என் பெயருக்குப் பக்கத்தில் முத்திரை குத்தினேன்.  மையை ஊதிக் காயவைத்துவிட்டு அடுத்த வகுப்புக்குப் போனேன்.

மறுநாள் நாலு மணிக்கு நாரேவின் அம்மா வந்தார். பெயர் மா யோன்சிம். நகரப் பேருந்து ஓட்டுகிறவர். காலை ஷிப்டு முடித்த கையோடு ஓட்டுநர் சீருடையிலேயே வந்திருந்தார். சட்டைப் பையிலிருந்து வெள்ளைக் கையுறை எட்டிப் பார்த்தது. உயரம் மகளில் பாதி, குரல் மகளைப்போல இரண்டு மடங்கு.

"பதினேழாம் கேள்வி யாரு எழுதினது?"

அறையில் இருந்த பதினொரு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் எழுந்தேன்.

"நேத்து ராத்திரி என் பொண்ணைத்தான் முதல்ல வாங்கு வாங்குன்னு வாங்கினேன் சார். ஏன்டி, புத்தகத்துல இருக்கிறதை எழுதிட்டு வந்து தொலைக்க வேண்டியதுதானே, உனக்கு எதுக்குடி ஊர்ல இல்லாத அறிவுன்னு கத்தினேன். சோத்துத் தட்டைக்கூடப் பிடுங்கிட்டேன். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசல. எழுந்து போயி ஒரு கத்தைக் காகிதத்தைக் கொண்டாந்து என் முன்னால வச்சா. நான் படிச்சது பன்னண்டாவது. ரெண்டு மணி நேரம் படிச்சேன். முக்காவாசி புரியல. ஆனா ஒண்ணு புரிஞ்சுது. என் பொண்ணு கதை விடல."

ஹாம் மேடம் உள்ளறையிலிருந்து வந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். "அம்மா, உக்காருங்க. பார்லி டீ கொண்டு வரச் சொல்றேன்."

"டீ குடிக்க வரல மேடம். இந்தச் சார்கிட்ட ஒரே ஒரு கேள்வி. சார், என் பொண்ணு சொன்னது சரியா, தப்பா?"

"பாடப்புத்தகத்தின்படி பார்த்தா..."

"புத்தகத்தைக் கேக்கல. அது வாய் பேசாது. உங்களைக் கேக்கறேன்."

நான் ஹாம் மேடத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. தேர்வுக் குழு கூடி முடிவு எடுத்துவிட்டது, அதற்குமேல் தனி ஆசிரியர் கருத்துச் சொல்வது முறையல்ல என்று நிதானமாக விளக்கினார்.

"முறையா?" என்றார் யோன்சிம். "நான் இருபத்தோரு வருஷமா வண்டி ஓட்டறேன். முன்னால சிவப்பு விளக்கு எரியுது. என்கிட்ட இருக்கிற வழித்தடப் புத்தகத்துல அந்த இடத்துல சிக்னலே இல்ல. புத்தகத்துல இல்லேன்னு நான் மிதிச்சுட்டுப் போனா, செத்தவன் வீட்டுல போயி முறைன்னு சொல்லட்டுமா?"

யாரோ சிரிப்பை அடக்கிக்கொண்டு இருமினார்கள். யோன்சிம் அந்தப் பக்கம் திரும்பி, "நல்லாச் சிரிங்க. உங்க வீட்டுப் பிள்ளைக்கு நடக்கும்போது நானும் வந்து இருமறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் தினமும் மாலையில் வீடு திரும்புவது அவருடைய வழித்தடத்தில்தான். அதுவரை ஓட்டுநர் யார் என்று ஒருநாளும் பார்த்ததில்லை. அவர் மாலை ஷிப்டுக்கு மாறியிருந்தார்போல, அந்த வாரம் மூன்று முறை அவர் வண்டியே வந்து வாய்த்தது.  பின்கண்ணாடியில் அவர் கண் மட்டும் தெரியும். மூன்றாம் நாள் கூட்டத்தோடு நான் கம்பியைப் பிடித்து நின்றபோது ஒலிபெருக்கியில் சொன்னார்: "நிக்கறவங்க எதையாவது ஒண்ணைக் கெட்டியாப் பிடிச்சுக்கங்க. வழுக்கி வழுக்கி நிக்காதீங்க." மற்றவர்களுக்கு அது வழக்கமான அறிவிப்பு. எனக்குக் காது மடல் எரிந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை நான் இறங்கவேண்டிய நிறுத்தத்தில் கதவைத் திறக்கும்போது, "சார் கடைசி வரைக்கும் வாங்க, பேசணும்" என்றார். கடைசி நிறுத்தம் வடக்குத் துறைமுகம். எல்லோரும் இறங்கிய பிறகு வண்டியை அணைத்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்தார். எட்டு நிமிஷம் இடைவேளை. ஒரு காகித உறையிலிருந்து எள் தூவிய சோற்று உருண்டையை எடுத்து, பாதியைப் பிட்டு என்னிடம் நீட்டினார். கோபக்காரர்கள் இப்படிச் சாப்பாடு கொடுக்கும்போதுதான் எனக்குப் பயம் அதிகமாகும்.

"நேத்து எனக்கு லீவு, நாரேவையும் லீவு போடச் சொன்னேன். அவ ஒருத்தங்களுக்கு மெயில் போட்டிருந்தா. தெஜோன்ல விண்கல் ஆராய்ச்சி பண்றவங்க, டாக்டர் ஜின்னு பேரு. வாங்கன்னுட்டாங்க. ரெண்டு பேரும் ரயில்ல போயிட்டு வந்தோம். அந்தத் துகளோட படத்தைக் காட்டினாங்க. உடைஞ்ச கற்கண்டு மாதிரி இருக்கு. தலைமுடியைக் குறுக்கால வெட்டினா வர்ற அகலத்துல அம்பது அறுபது அடுக்கலாமாம். எங்க வீட்டுக்காரர் கப்பல் கட்டற இடத்துல இரும்பைத் தேய்க்கிற உப்புத்தாள்ல இருக்கே, அதே சாமானாம். அது கேட்டதும் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்துச்சு. ஆனா ஒண்ணு விளங்கல. அவங்ககிட்ட மறுபடி கேக்கக் கூச்சமா இருந்துச்சு. நீங்க வாத்தியார்தானே, சொல்லுங்க. எல்லாமே ஒரே மேகத்துலேருந்துதான் வந்துச்சுன்னா, அது மட்டும் எப்படிச் சூரியனுக்கு மூத்ததா இருக்கும்?"

எனக்கு அது பிடித்த பாடம். சோற்று உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டே சொல்ல ஆரம்பித்துவிட்டேன்.

"மேகமே பழசுதாம்மா. நமக்கு முன்னால எத்தனையோ நட்சத்திரம் பொறந்து செத்திருக்கு. சாகிற காலத்துல அதுங்க மூச்சு விடற மாதிரி வாயுவையும் தூசியையும் வெளியே தள்ளும். அதெல்லாம் கலந்து மிதந்ததுதான் நம்ம மேகம். அது தன்னோட எடையிலயே உள்ளுக்குள்ள இடிஞ்சு விழ ஆரம்பிச்சுது. விழ விழச் சுத்தற வேகம் கூடி, தோசை மாதிரித் தட்டையாச்சு..."

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: அவரிடம் நான் சொன்னது பச்சை வெங்காய அடை. உங்களுக்காகத் தோசை என்று எழுதுகிறேன்.

"நடுவுல குவிஞ்சது சூரியன். சுத்தியிருந்த தட்டுல தூசியும் தூசியும் ஒட்டிக் கல்லாச்சு, கல்லும் கல்லும் மோதிப் பெரிசாச்சு, கடைசியில கோள். நடுவுல இருந்த சூட்டுல பழைய தூசி முக்காவாசி உருகி ஆவியாயி, புதுசா உறைஞ்சுது. அதனால அதுக்கெல்லாம் வயசு சூரியனோட வயசுதான். ஆனா தள்ளி, குளிர்ல இருந்த கொஞ்சம் தூசி உருகவே இல்ல. அப்படியே ஏதோ ஒரு கல்லுக்குள்ள மாட்டிக்கிச்சு. அந்தக் கல்லும் எந்தக் கோள்லயும் போய்ச் சேராம இத்தனை காலம் சுத்திட்டு, ஒருநாள் ஆஸ்திரேலியாவுல விழுந்துச்சு."

அவர் மெல்லுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். முகம் இளகியிருந்தது. "அந்த டாக்டர் அம்மாவைவிட நீங்க நல்லாச் சொல்றீங்க" என்றார். பிறகு மெதுவாக, "இதை எப்பப் படிச்சீங்க? நாரே வந்து கேட்ட பிறகா?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

"காலேஜ்லயே."

"அப்போ, அவ உங்க முன்னால நின்னு பேசும்போதே தெரியும்."

"தெரியும்."

"நான் வந்து நின்னு கேட்டப்பவும் தெரியும்."

"ம்."

அவர் கத்தவில்லை. காகித உறையை மடித்துப் பையில் வைத்தார். கையுறையைப் போட்டுக்கொண்டார், ஒவ்வொரு விரலாக. "தெரியாம செஞ்சீங்கன்னு நெனைச்சேன் சார். தெரியாதவங்களோட சண்டை போடலாம். என் பொண்ணு ஒரு வாரமா ராத்திரி சரியாத் தூங்கல. 'ஒருவேளை நான்தான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேனோம்மா'ன்னு கேட்டுக்கிட்டே இருக்கா. தனக்கு நல்லாத் தெரிஞ்சதையே அவ சந்தேகப்படற மாதிரிப் பண்ணிட்டீங்களே." முன்கதவைத் திறந்தார். "இறங்குங்க."

"அம்மா, நான்..."

"இது திரும்பிப் போற வண்டி. உங்களை ஏத்த மாட்டேன். போயிக் கம்பெனியில புகார் குடுங்க. இறங்குங்க சார்!"

மீன் கூடைகள் அடுக்கியிருந்த துறைமுகச் சாலையில் பாதிச் சோற்று உருண்டையோடு நின்றேன். வீடு வரைக்கும் ஐந்து கிலோமீட்டர் நடந்தேன். முதல் இரண்டு கிலோமீட்டர் அந்தப் பெண்மணி மேல் எரிச்சல்: ஒரு பேருந்து ஓட்டுநர் என்னை எப்படி இறக்கிவிடலாம்? அப்புறம் ஹாம் மேடத்தின் மேல். மீதித் தூரம் முழுவதும் என் மேல்தான், அது வீட்டுக்குப் போன பிறகும் ஓயவில்லை.

வெள்ளிக்கிழமை டாக்டர் ஜின்னின் கடிதம் பதிவுத் தபாலில் பள்ளிக்கு வந்தது. இரண்டே பத்தி. மூன்றாவது கூற்று உண்மைக்கு மாறானது, மாணவியின் விடையே சரி, மேலும் விவரம் வேண்டுமானால் நேரில் வந்து விளக்கத் தயார் என்று எழுதி முத்திரை வைத்திருந்தார். ஹாம் மேடம் அதை இரண்டு முறை படித்தார். அதே குரலில் சொன்னார்: "மறுதேர்வு வச்சுடலாம். அந்த ஒரு கேள்விக்கு மட்டும். எல்லாருக்கும் வர்ற மாதிரி சுலபமா ஒண்ணு எழுதுங்க."

"விடையை மாத்தினாப் போதுமே மேடம். அவ எழுதினதுதானே சரி?"

"நூத்தி முப்பத்தெட்டு அம்மா, தோ சார்."

அறிவிப்புப் பலகையிலும் பள்ளி இணையதளத்திலும் அறிக்கை ஏறியது. 'வினா எண் 17இல் சொல்லமைப்பில் காணப்பட்ட தெளிவின்மை காரணமாக, நியாயத்தை உறுதிசெய்யும் பொருட்டு மறுதேர்வு நடத்தப்படும்.'

திங்கட்கிழமை மதிய உணவு நேரத்தைப் பாதி வெட்டி மறுதேர்வு வைத்தார்கள். நூற்று எழுபத்தொரு பேருக்கும் கோபம். கோபம் எங்கள் மேல் அல்ல, நாரே மேல். காலையிலேயே அவள் மேஜையில் யாரோ வெள்ளை மையால் எழுதியிருந்தார்கள்: 'சூரியனைவிடக் கிழவி'. நாலாம் வகுப்புக்கு நான்தான் மேற்பார்வை. அவள் அதை அழிக்கவில்லை. அதன் மேலேயே விடைத்தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"சோறு ஆறிடுச்சு, உன்னால," என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"இன்னிக்குப் பொரிச்ச கோழி வேற. மேல் ஆண்டுக்காரிங்க தின்னு தீர்த்திருப்பாளுங்க."

"பேசாதீங்க," என்றேன். அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். அப்போதே, அந்த இடத்திலேயே.

புதுக் கேள்வி: கீழ்க்கண்டவற்றுள் பாறைக் கோள் எது? வியாழன், சனி, செவ்வாய், யுரேனஸ், நெப்டியூன். நாரே தாளைப் பார்த்தாள். கையைத் தூக்கினாள்.

"சார், இதுல சந்தேகம் வந்தா எத்தனை நாளுக்குள்ள சொல்லணும்?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. அவள் கண்ணில் இருந்தது என்னவென்று எனக்குத் தெரியும். மரியாதை போய்விட்ட ஒருவனைப் பார்க்கும் பார்வை அது.

எல்லோரும் சரியாக எழுதினார்கள். எல்லோருக்கும் நாலு. நாரே ஒன்பதாம் இடத்திலிருந்து நாலாம் இடத்துக்கு வந்தாள். முதல் தரத்தில் ஏழு பேருக்குத்தான் இடம், அதில் அவளும் ஒருத்தி. இத்தோடு முடிந்தது என்று ஆசிரியர் அறையில் எல்லோரும் மூச்சு விட்டார்கள்.

புதன்கிழமை யோன்சிம் மறுபடி வந்தார். கையில் அந்த அறிவிப்பின் நகல்.

"மார்க் வந்துடுச்சே அம்மா," என்றார் ஹாம் மேடம். முதல் முறையாக அவர் குரலில் ஒரு சலிப்பு. "முதல் தரமும் வந்துடுச்சு. இன்னும் என்ன?"

"இந்தத் தெளிவின்மைன்னு போட்டிருக்கீங்களே, அது என்ன மேடம்?"

"வார்த்தை கொஞ்சம் குழப்பமா..."

"என்ன குழப்பம்? அந்த வாக்கியத்துல என்ன குழப்பம்? எந்தத் திடப்பொருளும் மூத்தது இல்லை. எனக்கே புரியுதே! தெளிவாத்தான் இருந்துச்சு. தெளிவாத் தப்பா இருந்துச்சு. ஊரெல்லாம் என்ன பேசறாங்க தெரியுமா? நான் வந்து கூச்சல் போட்டதுல பயந்து போயி மறுதேர்வு வச்சீங்களாம். பஸ் டிரைவர் பொண்ணு அடாவடி பண்ணி மார்க் வாங்கிட்டாளாம். என் வண்டியிலயே ஏறி எனக்குப் பின்னால உக்காந்துக்கிட்டுப் பேசறாங்க. மார்க்கை வேணும்னா திருப்பி எடுத்துக்கங்க. அவ சொன்னது சரி, பள்ளிக்கூடம் சொன்னது தப்புன்னு ஒரு வரி எழுதுங்க."

"அது அவ்வளவு சுலபமில்ல அம்மா. தப்புன்னு எழுதினா கல்வி அலுவலகத்துலேருந்து விசாரணை வரும். யார் தலை உருளும்னு நினைக்கிறீங்க? என்னோடது இல்ல." ஹாம் மேடம் என் பக்கம் கையைக் காட்டினார், பரிவோடு, ஒரு நோயாளியைக் காட்டுவதுபோல. "தோ சார் ஒப்பந்தத்துல இருக்கிறவர். சின்ன வயசு. இன்னும் கல்யாணம்கூட ஆகல. உங்க ஒரு வரிக்காக அவர் பிழைப்பு போகணுமா? நீங்களும் வேலை செஞ்சு பிழைக்கிறவங்கதானே?"

யோன்சிம் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். ஒரு வீட்டில் வேலை போவது என்றால் என்னவென்று அவருக்குத் தெரியும்.  கழுத்து நரம்பு மட்டும் புடைத்துக்கொண்டு நின்றது.

அதைப் பார்த்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். இரண்டு வாரமாக எனக்குள் பதுங்கியிருந்தது எல்லாம் ஒரே நேரத்தில் மேலே வந்தது. ஹாம் மேடம் என் ஒப்பந்தத்தைக் காட்டி என்னை மிரட்டினார், அது பழகிவிட்டது. இப்போது என்னைக் காட்டி இந்தப் பெண்மணியின் வாயை அடைக்கிறார். அவர் ஒளிந்துகொள்ள நான் ஒரு கதவா?

"என் பேரைச் சொல்லாதீங்க!" என்று கத்தினேன். என் குரல் அவ்வளவு பெரிதாக இருக்கும் என்று எனக்கே தெரியாது. நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. "என் பிழைப்பைக் காப்பாத்துங்கன்னு நான் உங்ககிட்டக் கேட்டேனா மேடம்? அந்தக் கேள்வி தப்பு. அந்தப் பொண்ணு வந்து நின்ன அன்னிக்கே தப்புன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் முத்திரை குத்தினேன். பயம். வேற ஒண்ணுமில்ல. தெளிவின்மையாம், தெளிவின்மை!"

 ஹாம் மேடம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தோ சார் களைப்பா இருக்கார்," என்றார்.

யோன்சிம் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நன்றி சொல்வார் என்று மனதின் ஒரு மூலை எதிர்பார்த்தது. "இதைச் சொல்ல ரெண்டு வாரமா?" என்று கேட்டுவிட்டு, நகலை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

அன்று மாலையே கல்வி அலுவலகத்துக்கு என் பெயரில் கடிதம் எழுதினேன். மறுநாளிலிருந்து ஏழு வகுப்பிலும் பாடத்துக்கு முன்னால் ஐந்து நிமிஷம் எடுத்துக்கொண்டேன். பலகையில் அந்த வாக்கியத்தை எழுதி, அது ஏன் தப்பு, நாரே எழுதிய விடை ஏன் சரி என்று சொன்னேன். எனக்குத் தெரிந்தே மறைத்தேன் என்பதையும் சொன்னேன். இரண்டாம் வகுப்பில் சிரித்தார்கள். ஐந்தாம் வகுப்பில் ஒருத்தி எழுந்து நின்றாள்: "அப்போ அவளை நாங்க திட்டிட்டு இருந்தப்ப நீங்க ஏன் சார் சும்மா இருந்தீங்க? இப்ப எங்களைக் கெட்டவங்களாக்கிட்டீங்களே!" அவள் கண் கலங்கியிருந்தது. கோபம்தான். 

நாலாம் வகுப்பைக் கடைசிக்குத் தள்ளி வைத்திருந்தேன். அங்கேயும் சொல்லி முடித்தேன். மேஜையில் அந்த வெள்ளை எழுத்து அப்போதும் இருந்தது. நாரே நிமிர்ந்தாள்.

"எல்லாருக்கும் சொன்னீங்க சார். எனக்கு இன்னும் சொல்லல."

அவள் மேஜைக்கு முன்னால் போய் நின்று, இடுப்பை வளைத்துக் குனிந்தேன். "தப்பு என்னோடது. நீ சொன்னது சரி. மன்னிச்சுடு."

"கேட்டுக்கிட்டேன்," என்றாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. புத்தகத்தைத் திறந்தாள்.

விசாரணைக்கு இரண்டு பேர் வந்தார்கள். எனக்கு எழுத்துமூல எச்சரிக்கை. ஹாம் மேடத்துக்கு 'கவனம் தேவை' என்று வாய்வார்த்தை. ஜூலையில் அறிவிப்பைத் திருத்தச் சொல்லி உத்தரவு வந்தது. 'தெளிவின்மை' போய் 'உண்மைப் பிழை' வந்தது. அதற்குள் கோடை விடுமுறை தொடங்கிவிட்டது, பள்ளியில் அதைப் படிக்க ஆளில்லை. பிப்ரவரியில் ஒப்பந்தம் முடிந்தது. மாணவிகள் எண்ணிக்கை குறைகிறது என்றார் ஹாம் மேடம், அதே குரலில். வழியனுப்பு விருந்துக்கும் அழைத்தார். நான் போகவில்லை.

ஊரை விட்டுப் போகும் நாளில் பெட்டியோடு ரயில் நிலையத்துக்குப் பேருந்து ஏறினேன். யோன்சிம்தான். கதவை மூடாமல் ஒரு கணம் பார்த்தார்.

"வேலை போச்சாமே. நாரே சொன்னா."

"ஆமாம்மா."

"என்னாலன்னு நெனைக்கிறீங்களா?"

"இல்ல."

"ஒருவேளை நெனைச்சா, நெனைச்சுக்கங்க. எனக்கு ஒண்ணுமில்ல." வண்டியைக் கிளப்பினார். அடுத்த சிக்னலில் நின்றபோது கண்ணாடியில் பார்த்துச் சொன்னார்: "எனக்கு உங்க மேல கோபம் இன்னும் தீரல சார். ஆனா புது இடத்துல பிள்ளைங்க யாராவது வந்து கேட்டா, நீங்க அன்னிக்கு வண்டியில சொன்னீங்களே, மேகம் இடிஞ்சு விழுந்து, சுத்தி, கல்லும் கல்லும் மோதி... அதே மாதிரிச் சொல்லுங்க. அதுல ஒரு குறையும் இல்ல."

பின்னாலிருந்த வண்டி ஹாரன் அடித்தது. விளக்கு பச்சையாகி இருந்தது. "வர்றேன்டா, அதுக்குள்ள என்ன அவசரம் உனக்கு!" என்று ஜன்னல் வழியாகக் கத்திவிட்டு ஆக்சிலரேட்டரை மிதித்தார்.